நிகழ்தகவும் எண்ணும் கணக்கும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். வடிவியலில் தடுமாறுகிற பிள்ளை படம் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். இயற்கணிதத்தில் தடுமாறுகிற பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடும். நிகழ்தகவில் மட்டும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே "விடை எப்படி சார் இப்படி வந்தது?" என்று விழிப்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பாடப்புத்தக வரிசையை எதிர்பார்க்காதீர்கள்.

நிகழ்தகவு என்றால் என்ன சார், சுருக்கமாக?

நமக்கு வேண்டிய விளைவுகள் எத்தனை என்று எண்ணி, அதை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. பகடையை ஒருமுறை உருட்டினால் இரட்டை எண் விழ 3/6. நடக்கவே முடியாததற்கு 0, நடந்தே தீருவதற்கு 1, மற்றதெல்லாம் இடையில். 7/5 என்று விடை வந்தால் மேலே எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

இந்த வரையறைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எண்ணப்படும் ஒவ்வொரு விளைவுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். அதை மறந்தவர்கள்தான் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

இரண்டு நாணயம் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என்று மூன்று விளைவுதானே? ஏன் நான்கு என்கிறீர்கள்?

வருஷத்துக்கு வருஷம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். கேட்காதவர்கள் மனதிலும் இதுதான் இருக்கும். வெட்கப்பட வேண்டாம். பிரான்சின் பெரிய கணிதமேதை தாலம்பேர் 1754-இல் வெளியான கலைக்களஞ்சியக் கட்டுரையிலேயே இந்தத் தப்பைச் செய்தார். இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு என்ன என்பது கேள்வி. முதல் முறையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஆகவே 'தலை', 'பூ-தலை', 'பூ-பூ' என்று மூன்றே விளைவு, விடை 2/3 என்றார். சரியான விடை 3/4.

வகுப்பில் நான் இதற்கு வாதம் செய்வதில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஒரு பத்து ரூபாய் நாணயம் எடுத்து மேசையில் வைப்பேன். பத்து ரூபாயில் வெளிவளையம் ஒரு நிறம், நடுவட்டம் வேறு நிறம் என்பதால் எது எது என்று தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும். இப்போது எழுதச் சொல்வேன்: ஐந்தில் தலை பத்தில் தலை, ஐந்தில் தலை பத்தில் பூ, ஐந்தில் பூ பத்தில் தலை, இரண்டிலும் பூ. நடுவில் இருக்கும் இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள் என்று கண்ணுக்கே தெரிகிறது. இரண்டும் ஐந்து ரூபாய் நாணயமாக இருந்தால் மட்டும் அவை ஒன்றாகிவிடுமா? நமக்கு அடையாளம் தெரியவில்லை என்பது நாணயத்துக்குத் தெரியாதே.

ஆக, 'ஒன்று தலை ஒன்று பூ' என்பதற்கு 2/4. மூன்று விளைவு என்று பட்டியல் போடுவது குற்றமில்லை. அந்த மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று நினைத்து 3-ஆல் வகுப்பதுதான் தப்பு.

தலை எது, பூ எது?

நம் நாணயத்தில் அசோகர் தூணின் சிங்கம் இருக்கும் பக்கம் தலை. மற்றது பூ.

எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது? எனக்கு இதுதான் குழப்பம்.

ஒன்றாம் வகுப்பிலேயே இதைச் செய்திருக்கிறீர்கள். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. உயிர்மெய் எழுத ஒரு மெய்யையும் ஒரு உயிரையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு மெய்யோடும் பன்னிரண்டு உயிரும் சேரும், ஆகவே 18 × 12 = 216. அப்புறம் மொத்த எழுத்து எத்தனை? ஓர் எழுத்து உயிராகவோ மெய்யாகவோ உயிர்மெய்யாகவோ ஆய்தமாகவோ இருக்கும். ஒரே எழுத்து இரண்டு வகையில் வராது. ஆகவே 12 + 18 + 216 + 1 = 247.

'இதையும் எடு, அதையும் எடு' என்றால் பெருக்கல். 'இது அல்லது அது, இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது' என்றால் கூட்டல். அரிச்சுவடியில் இரண்டும் இருக்கிறது.

தமிழ் இலக்கணப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அசை இரண்டு வகை: நேர், நிரை. ஈரசைச்சீர் நான்கு: தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கூவிளம் (நேர் நிரை), கருவிளம் (நிரை நிரை). மூவசைச்சீர் எட்டு, காய் நான்கும் கனி நான்கும். நாலசைச்சீர் பதினாறு. 4, 8, 16 என்று ஏன் இரட்டிக்கிறது? ஒவ்வோர் அசைக்கும் இரண்டு வழி, அவ்வளவுதான். நேருக்குப் பதில் தலை, நிரைக்குப் பதில் பூ என்று போட்டால் இரண்டு நாணயம், மூன்று நாணயம், நான்கு நாணயத்தின் கூறுவெளி (எல்லா விளைவுகளின் பட்டியல்) அப்படியே வந்துவிடும். தேமாங்காய் என்பது தலை-தலை-தலை. புளிமாவும் கூவிளமும் வேறு வேறு சீர் என்று தமிழாசிரியர் அடித்துச் சொல்வார். அந்த இரண்டையும் ஒன்றாக்கியதுதான் மேலே 'மூன்று விளைவுதானே' என்று கேட்டவர் செய்த தப்பு.

தாயக்கட்டையில் தாயம் விழ ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நீளவாட்டில் நான்கு முகம். ஒன்றில் புள்ளி கிடையாது, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். உள்ளங்கையில் வைத்து உருட்டித் தரையில் விட்டால் மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். இரண்டும் வெறும் முகமாக விழுந்தால் மட்டும் பன்னிரண்டு. ஆக 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு எண்கள் விழலாம். 1 விழுவதுதான் தாயம். 'ஏழில் ஒன்று தாயம், வாய்ப்பு 1/7' என்று சொல்பவர்கள் உண்டு. பட்டியல் போடுவோம், முதல் கட்டைக்கு நான்கு வழி, இரண்டாவதற்கு நான்கு வழி, மொத்தம் 16.

தாயம் விழ ஒன்றில் 1, மற்றதில் வெறும் முகம்: 2 வழி. இரண்டுக்கு 3 வழி (2-0, 0-2, 1-1). மூன்றுக்கு 4 வழி (3-0, 0-3, 2-1, 1-2). நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 16 வந்துவிட்டது. தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8.

எட்டில் ஒன்று என்றால் எட்டு தடவை போட்டால் விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஒருமுறை விழாமல் போக 7/8. எட்டு முறையும் விழாமல் போக 7/8-ஐ எட்டு தடவை பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.34. மூன்று பேர் ஆடினால் அதில் ஒருவர் எட்டு முறை உருட்டியும் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்கலாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த ஒருவர் எப்போதும் நான்தான். பாட்டி கட்டையை வாங்கி, கையில் ஒரு குலுக்குக் குலுக்கி, "தாயே" என்று விடுவாள். விழும். பாட்டிக்கும் வாய்ப்பு 1/8-தான் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர்க் கணக்கில் 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு ஆட்டம் உண்டு. அதற்கான வாய்ப்பு (2 + 2 + 1 + 1)/16 = 6/16. உங்கள் ஊரில் விதி வேறாக இருந்தால் நீங்களே மாற்றிக் கணக்கிடுங்கள். இன்னொன்று: அதிகம் விழுவது மூன்று, 4/16. கூடுதல் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், எதிராளியின் காய்க்குச் சரியாக மூன்று கட்டம் முன்னால் போய் நிற்பதுதான் ஆபத்து.

சரி, தாயக்கட்டைக்குப் பதில் சோழி போட்டு ஆடினால்?

இங்கே எண்ணி வகுக்கும் வரையறை கைவிட்டுவிடும். சோழியின் ஒரு பக்கம் உப்பல், மறுபக்கம் தட்டையாக வாய் பிளந்திருக்கும். அது மல்லாக்க விழவும் கவிழ்ந்து விழவும் சம வாய்ப்பு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒரு சோழியை இருநூறு, முந்நூறு தடவை போட்டு, எத்தனை முறை மல்லாந்தது என்று குறித்து வகுக்க வேண்டியதுதான். ஒன்பதாம் வகுப்பில் பட்டறி நிகழ்தகவு என்று படித்தீர்களே, அதுதான் இது. வேறு சோழி எடுத்தால் வேறு எண் வரலாம்.

வரிசை மாற்றம், சேர்வு: எதை எங்கே போடுவது?

வரிசையை மாற்றினால் ஆள் மாறாமல் பலன் மாறுகிறதா என்று பாருங்கள்.

கபடி அணியில் 12 பேர், களத்தில் 7 பேர். எந்த ஏழு பேர் என்பதுதான் கேள்வி என்றால் பெயரை எந்த வரிசையில் சொன்னாலும் அதே ஏழு பேர்தான். இது சேர்வு: 792 வழிகள். அதே 12 பேரில் ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர் என்று கேட்டால், முருகன் தலைவர் செல்வம் துணை என்பதும் செல்வம் தலைவர் முருகன் துணை என்பதும் வேறு. இது வரிசை மாற்றம்: 12 × 11 = 132.

792 எப்படி வந்தது? முதலில் வரிசையோடு எண்ணுங்கள்: 12 × 11 × 10 × 9 × 8 × 7 × 6. இதில் ஒவ்வொரு ஏழு பேர் கூட்டமும் 7! (7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1) தடவை, அதாவது 5040 தடவை எண்ணப்பட்டிருக்கிறது. அதனால் 5040-ஆல் வகுக்கிறோம். சேர்வுக்கான என்சிஆர் (nCr) சூத்திரத்தின் கீழே இருக்கும் காரணீயப் பெருக்கம் இந்த மிகை எண்ணிக்கையைக் கழிக்கத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது புரிந்தால் வரிசை மாற்றத்துக்கான என்பிஆர் (nPr), என்சிஆர் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆடும் ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பதும், வெளியே உட்காரும் ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலை. அதனால் 12-இல் 5-க்கான சேர்வும் 792-தான். கையால் போடும்போது சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

0! ஏன் 1? சைபர் வரவேண்டாமா?

5!-ஐ 5-ஆல் வகுத்தால் 4!, 4!-ஐ 4-ஆல் வகுத்தால் 3!. இப்படியே இறங்கினால் 1!-ஐ 1-ஆல் வகுக்க 0! கிடைக்கிறது, அது 1. காலி அலமாரியை அடுக்க ஒரே வழி, அப்படியே விட்டுவிடுவது.

ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால்?

'விகடகவி' என்பதை எடுங்கள். வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. எல்லாம் வேறாக இருந்தால் 5! = 120. ஆனால் 'வி' இரண்டு, 'க' இரண்டு. இரண்டு 'வி'களும் இடம் மாறினால் சொல் மாறாது, 'க'வும் அப்படியே. ஆக 120-ஐ 2! × 2!-ஆல் வகுத்து 30.

இந்த 30-இல் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய சொல்லாக இருக்க வாய்ப்பு என்ன? நடுவில் 'ட' நின்றே ஆக வேண்டும். இடப்பக்க இரண்டு இடங்களில் 'வி'யும் 'க'வும் இரண்டு விதமாக நிற்கலாம், வலப்பக்கம் தானாக அமைந்துவிடும். 'விகடகவி' ஒன்று, 'கவிடவிக' இன்னொன்று. 2/30 = 1/15. இரண்டாவதற்கு அர்த்தம் கிடையாது, கணக்குக்கு அது தேவையும் இல்லை.

இதெல்லாம் ஐரோப்பாவில் கண்டுபிடித்ததா?

நிகழ்தகவை முறையான கணக்காக ஆக்கியது அவர்கள். 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பங்கீடு பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களில் தொடங்குகிறது என்பது வழக்கமான கணக்கு. எண்ணும் கலை நம் பக்கம் அதற்கு வெகு முந்தையது. இரண்டாம் பாஸ்கரர் 1150 அளவில் எழுதிய லீலாவதியில் ஒரு கேள்வி: பத்துக் கைகளில் பத்துப் பொருள் ஏந்திய சிவனுக்கு, பொருள்களைக் கைமாற்றினால் எத்தனை வடிவம்? நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஏந்திய திருமாலுக்கு எத்தனை? விடைகள் 10! = 36,28,800, 4! = 24. கேசவன், நாராயணன், மாதவன் என்று திருமாலுக்குச் சொல்லும் 24 மூர்த்திகள், நான்கையும் எந்தெந்தக் கையில் ஏந்துகிறார் என்பதை வைத்துத்தான் வேறுபடுகிறார்கள்.

ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் அறுசுவைக் கலப்புகளின் எண்ணிக்கை 63 என்று வருகிறது. தனிச்சுவை 6, இரண்டிரண்டாக 15, மூன்று மூன்றாக 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் சேர்ந்து 1. ஒவ்வொரு சுவையும் 'உண்டு, இல்லை' என்று இரண்டு வழி, 2-ஐ ஆறு தடவை பெருக்கினால் 64. ஒரு சுவையும் இல்லாத வெறும் இலையைக் கழித்தால் 63.

'குறைந்தது ஒன்று' என்று வந்தால் என்ன செய்வது?

எதிர்ப்பக்கத்திலிருந்து போங்கள். 'ஒன்றுகூட இல்லை' என்பதன் நிகழ்தகவைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழியுங்கள். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழ வாய்ப்பு? ஒருமுறை ஆறு விழாமல் போக 5/6, நான்கு முறையும் விழாமல் போக 625/1296. கழித்தால் 671/1296, அதாவது சுமார் 0.518. பந்தயம் கட்டினால் லேசான லாபம். அதே தெம்பில் 'இரண்டு பகடையை 24 முறை உருட்டினால் ஒருமுறையாவது இரட்டை ஆறு' என்று கட்டினால் 0.491-தான், நஷ்டம். பாஸ்கலிடம் கேள்வி கொண்டுவந்த தெ மேரே என்ற எழுத்தாளரை உறுத்திய கணக்குகளில் இதுவும் ஒன்று. ஒரு பகடைக்கு 6 விளைவு, 4 முறை; இரண்டு பகடைக்கு 36 விளைவு, 24 முறை; விகிதம் ஒன்றுதானே என்று அவர் நினைத்தார்.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பிலா நிகழ்ச்சிகளும் ஒன்றா?

இல்லை, கிட்டத்தட்ட எதிரெதிர். ஒரு பகடையை ஒருமுறை உருட்டுகிறீர்கள். 2 விழுவதும் 5 விழுவதும் ஒன்றையொன்று விலக்கும். 2 விழுந்தது என்று தெரிந்த உடனே 5 விழவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இதைவிடச் சார்பு வேறென்ன வேண்டும்?

52 சீட்டுக் கட்டில் ஒன்றை எடுங்கள். அது ராஜாவாக இருக்க 4/52, ஹார்ட்டாக இருக்க 13/52. ஹார்ட் என்று தெரிந்தால் ராஜாவாக இருக்க வாய்ப்பு 1/13, தெரியாதபோதும் 4/52 = 1/13. சேதி தெரிந்தும் வாய்ப்பு மாறவில்லை, ஆகவே சார்பிலா நிகழ்ச்சிகள். ஆனால் ஹார்ட் ராஜா என்று ஒரு சீட்டு இருப்பதால் இவை ஒன்றையொன்று விலக்கவில்லை. அதனால்தான் 'ராஜா அல்லது ஹார்ட்' என்று கேட்டால் 4 + 13 − 1 = 16, விடை 16/52. அந்த 1-ஐக் கழிக்க மறந்து 17/52 எழுதுபவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டால் முதலில் எடுப்பவருக்கு லாபமா, கடைசியில் எடுப்பவருக்கா?

யாருக்கும் இல்லை. ஐந்து சீட்டில் ஒன்றில்தான் பரிசு, எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை என்று வைப்போம். முதலாமவருக்கு 1/5. இரண்டாமவர் ஜெயிக்க முதலாமவர் தோற்க வேண்டும், அப்புறம் மீதி நான்கில் ஒன்று: 4/5 × 1/4 = 1/5. ஐந்தாமவருக்கு 4/5 × 3/4 × 2/3 × 1/2 × 1 = 1/5. ஒவ்வொன்றும் அடித்துப் போய் அதே எண்தான் நிற்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்து 10ஆம் நூற்றாண்டுக் குடவோலை முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குலுக்குவதும் விவரம் அறியாத பையன் எடுப்பதும் எதற்கு? எல்லா ஓலைக்கும் சம வாய்ப்பு இருக்கத்தான்.

தொடர்ந்து ஐந்து தடவை தலை விழுந்தால் அடுத்தது பூதானே?

நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஆறாவது தடவையும் 1/2-தான். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முதல் 2025 சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம் வரை இந்திய ஆண்கள் அணி ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து 15 முறை டாஸில் தோற்றது. இப்படி நடக்க வாய்ப்பு 32,768-இல் ஒன்று. அந்தத் தோல்வி அதற்குப் பிறகும் நீண்டது. "இந்தத் தடவை கண்டிப்பாக ஜெயிப்பார்கள்" என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் வீட்டில் சத்தியம் செய்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாய்ப்பு சரிபாதிதான் இருந்தது. 15 தொடர் தோல்வி என்பதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அதிசயம். பல அணிகள், பல ஆண்டுகள், ஆயிரக்கணக்கான டாஸ்கள் என்று தேடிக் கண்டெடுக்கும்போது அவ்வளவு அதிசயமில்லை.

வண்டி எண்ணில் நான்கு இலக்கமும் வேறு வேறாக இருக்க வாய்ப்பு?

0001 முதல் 9999 வரை 9999 எண்கள். நான்கும் வேறாக 10 × 9 × 8 × 7 = 5040. ஏறத்தாழ 0.504. அதாவது ரோட்டில் போகிற வண்டிகளில் பாதியில் ஏதோ ஓர் இலக்கம் திரும்ப வந்திருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது எண்ணிப் பாருங்கள். கூட்டு எண் ஒன்பது வரவேண்டும் என்று தேடுபவர்களுக்கு 1111 எண்கள், சரியாக 1/9. எட்டு வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் ஒதுக்குவதும் அதே 1111 எண்களைத்தான்.

லீப் ஆண்டில் 53 ஞாயிறு வர 2/7 என்கிறார்கள். ஏன்?

366 நாளில் 52 முழு வாரம் போக 2 நாள் மிச்சம். அந்த இரண்டும் ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று ஏழு ஜோடிகளில் ஒன்று. ஞாயிறு இரண்டு ஜோடிகளில் வரும். தேர்வில் 2/7 எழுதுங்கள். 2028 சனிக்கிழமை தொடங்குகிறது, அதில் 53 ஞாயிறு உண்டு.

துருவிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும்: நம் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும், அதில் லீப் ஆண்டுகள் 97. இந்த 97 ஏழால் வகுபடாது. அதனால் ஏழு ஜோடிகளுக்கும் சம வாய்ப்பு இருக்கவே முடியாது. எண்ணிப் பார்த்தால் 28/97 வருகிறது. வித்தியாசம் நூலளவுதான்.

நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வருமா?

பெரும்பாலும் வரும். 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது (0.507), 40 பேருக்கு 0.89. 'என் பிறந்தநாளில் இன்னொருவர்' என்று நினைப்பதால்தான் இது நம்ப முடியாமல் இருக்கிறது. ஒப்பிட வேண்டியது ஜோடிகளை, 40 பேரில் 780 ஜோடிகள். கணக்குப் போட 'எல்லோருக்கும் வேறு வேறு நாள்' என்பதைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழியுங்கள். 365-உம் சம வாய்ப்பு என்று வைத்துத்தான் இந்த எண்கள். உங்கள் தாத்தாக்களை உட்கார வைத்துக் கேட்டால் வாய்ப்பு இன்னும் கூடும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதிய மே, ஜூன் தேதிதான் பலருக்குப் பிறந்தநாள்.

நீட் தேர்வில் தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகப் போடலாமா?

சரியென்றால் +4, தப்பென்றால் −1, தெரிவுகள் நான்கு. கண்ணை மூடிப் போட்டால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 4 × 1/4 − 1 × 3/4 = 1/4 மதிப்பெண். லாபம்தான், மிகச் சிறியது. ஒரு தெரிவு நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் சராசரி 2/3, இரண்டை ஒதுக்க முடிந்தால் 1½. ஆனால் சராசரி என்பது உங்களுக்குக் கிடைக்கப்போவது அல்ல. இருபது கேள்வியைக் கண்மூடிப் போட்டால் மொத்தத்தில் மதிப்பெண் குறைந்து போக வாய்ப்பு சுமார் 0.225. நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. ஒரு தெரிவையாவது அடிக்க முடிந்தால் போடுங்கள் என்பதுதான் என் யோசனை.

பொதுத்தேர்வில் எங்கே சார் மதிப்பெண் போகிறது?

கூறுவெளியை எழுதாமல் நேராக விடைக்குத் தாவுவதில். இரண்டு பகடையில் கூடுதல் 8 வர என்ன வாய்ப்பு என்றால், (2,6), (3,5), (4,4) என்று மூன்றை எழுதி 3/36 போட்டுவிடுவார்கள். (6,2)-உம் (5,3)-உம் எங்கே? சரியான விடை 5/36. சிலர் (4,4)-ஐயும் இரண்டு தடவை எழுதி 6/36 ஆக்குவார்கள். அதைத் திருப்பிப் போட்டாலும் அதே (4,4)தானே.

36 ஜோடியையும் எழுத நேரம் ஆகுமே என்பார்கள். ஆறு வரி, வரிக்கு ஆறு ஜோடி. கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.